கன்சோல் வாங்கியாச்சு, முதல்ல எந்த கேம் போடறது? சுடுறவங்களுக்கும் ஆர்பிஜி (ஆள வளத்து லெவல் ஏத்தி கதை ஆடற கேம்) ஆசை உள்ளவங்களுக்கும்

போன வருஷம் எங்க சித்தப்பா பையன் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎஸ்4 வாங்குனான். ஆளு மொபைல்ல பிஜிஎம்ஐ புலி, ரெண்டு கட்டைவிரல வெச்சே நாலு பேர சாய்ச்சிடுவான். வாங்குன அன்னிக்கே நாலு பேர்கிட்ட எது பெஸ்ட் கேம்னு கேட்டிருக்கான், நாலு பேரும் எல்டன் ரிங்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னதுல பொய் எதுவும் இல்ல, 2022ல வந்ததுலயே எனக்கு புடிச்ச கேம் அதுதான். ஆனா இவன் என்ன பண்ணான், ஆரம்பத்துல குகைய விட்டு வெளிய வந்ததும் எதிர்ல தங்கக் கவசம் போட்டு குதிரை மேல ஒருத்தன் உலாத்திட்டு இருப்பான்ல, சுடுற கேம்ல எதிரி தெரிஞ்சா போய் அடிக்கறதுதானே பழக்கம், நேரா போனான், ஒரே வெட்டு, செத்தான். மறுபடி போனான், செத்தான். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இதே கதைதான். மூணாவது நாள் போன் பண்றான், "அண்ணா, இத வித்துடலாம்னு இருக்கேன், நீ யாராவது ஆள் இருந்தா சொல்லு"ன்னு.

அந்த குதிரைக்காரன அப்ப அடிக்கவே கூடாதுங்க, சுத்திப் போகணும். அத அவனுக்கு யாரும் சொல்லல. அதான் இந்த கட்டுரை. உங்க கைக்கு இப்ப எது பழகியிருக்கோ அதுல ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா ஏறுனா, பெரிய கேம் எல்லாம் தானா வசத்துக்கு வரும். கீழ சொல்ற படி எல்லாம் அவன வெச்சு நான் டெஸ்ட் பண்ணது.

ஸ்டெப் 1: உங்க பெட்டிய பாருங்க

கேம் பேர் தேடறதுக்கு முன்னாடி உங்க கன்சோல்ல சிடி போடற ஓட்டை இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்கிட்டு கூடவே மூணு டிஸ்க்கும் வாங்கிட்டு வந்த ஆள எனக்கு தெரியும். சீரிஸ் எஸ்லயும், தனியா டிரைவ் மாட்டாத பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷன்லயும் டிஸ்க் போட முடியாது, எல்லாமே டவுன்லோட்தான். டிஸ்க் டிரைவ் இருக்கற பிஎஸ்5ல பழைய பிஎஸ்4 டிஸ்க் ஓடும், சீரிஸ் எக்ஸ்ல எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க் ஓடும், அதனால பழைய கேம் எல்லாம் செகண்ட் ஹேண்ட்ல கம்மி விலைக்கு தேத்தலாம். டிஸ்க் இருந்தாலும் இன்ஸ்டால் ஆகணும், அது மேல அப்டேட் வேற இறங்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்ட நம்பி உக்காந்தீங்கன்னா விடிஞ்சிரும். கால் ஆஃப் டியூட்டி மாதிரி கேம் எல்லாம் நூறு ஜிபிக்கு மேல சாப்பிடும்.

செகண்ட் ஹேண்ட் கன்சோல் வாங்கறீங்கன்னா காசு குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, அங்கயே ஆன்லைன்ல லாகின் பண்ணச் சொல்லுங்க, சில பெட்டி நெட்வொர்க்ல பேன் ஆகியிருக்கும், வீட்டுக்கு கொண்டு வந்து தலையில கைய வெச்சுக்க வேண்டியதுதான். ரெண்டாவது, ஏதாவது ஒரு கேம ஓட விட்டு ஜாய்ஸ்டிக்க டேபிள் மேல வெச்சுட்டு கைய எடுத்துடுங்க. யாருமே தொடாம கேமரா மெதுவா ஒரு பக்கமா நகருதுன்னா ஸ்டிக் தேஞ்சிருக்கு, அத டிரிஃப்ட்னு சொல்லுவாங்க, ஷூட்டர், அதாவது சுடுற கேம் ஆடறவனுக்கு அது சனியன்.

அப்புறம் இது நம்ம ஆளுங்களுக்கு முக்கியமானது. அமெரிக்கால இருக்கற மாமா வரும்போது பிளேஸ்டேஷன் டிஸ்க் வாங்கிட்டு வருவாரு. டிஸ்க் நம்ம ஊர் பெட்டில நல்லாவே ஓடும். ஆனா அந்த கேமுக்கான எக்ஸ்ட்ரா கதைய, அதாவது டிஎல்சிய, நீங்க இந்திய அக்கவுண்ட்ல காசு குடுத்து வாங்குனீங்கன்னா அந்த டிஸ்க்கோட சேராது, ரீஜன் ஒத்துப் போகணும். அதனால வெளிநாட்டுல இருந்து வாங்கச் சொன்னா டிஎல்சி உள்ளயே இருக்கற கம்ப்ளீட் எடிஷனா பாத்து சொல்லுங்க.

தனியா கதை ஆடறதுக்கு பிஎஸ் பிளஸ்னு காசு கட்டற பிளேஸ்டேஷன் சந்தா தேவையில்ல. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ், வார்ஃபிரேம், டெஸ்டினி 2 மாதிரி ஃப்ரீ கேம் ஆன்லைன்ல ஆடவும் தேவையில்ல. கடைக்காரர் சேத்து வாங்கிக்கோங்கன்னு சொல்லுவாரு, அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிடுங்க.

ஸ்டெப் 2: முதல் நாள் கேம் ஆடாதீங்க, செட்டிங் ஆடுங்க

மொபைல்ல இருந்து வர்றவங்களுக்கு பெரிய அடியே இங்கதான். போன்ல கண்ணாடிய தேய்ச்சு குறி வைப்பீங்க, கைரோ ஆன் பண்ணி போனையே சாய்ப்பீங்க. கன்சோல்ல பெரும்பாலும் வலது கைக்கு ஒரு சின்ன குச்சி மட்டும்தான். முதல் ஒரு வாரம் கேவலமா சுடுவீங்க, எல்லாரும் அப்படித்தான். சின்ன வயசுல டிவி கேம்ல கான்ட்ரா ஆடுன கைக்கு இது புது வித்தை, அதுல சுடறது மட்டும்தான், பாக்கற வேலை இல்ல. இதுல ஒரு கை நடக்கும், இன்னொரு கை தலைய திருப்பும்.

டிவில முதல்ல கேம் மோட் ஆன் பண்ணுங்க. நிறைய டிவில படத்த அழகாக்கறேன்னு உள்ளுக்குள்ள ஏதேதோ பண்ணும், அதனால நீங்க பட்டன் அமுக்கறதுக்கும் திரையில நடக்கறதுக்கும் நடுவுல ஒரு கண் சிமிட்டற நேரம் தாமதம் ஆகும், நம்ம கைதான் சரியில்லன்னு நினைச்சுக்குவோம்.

அப்புறம் கேமுக்குள்ள சென்சிடிவிட்டி, அதாவது குச்சிய தள்ளுனா பார்வை எவ்வளவு வேகமா திரும்பணும்ங்கற நம்பர். நான் பண்றது இதுதான்: சுவத்துல ஏதாவது ஒரு சின்ன பொருள், ஒரு சுவிட்ச், ஒரு போஸ்டர், அத பாத்து நிக்கணும். முதுகு பக்கம் திரும்பி மறுபடி அதே சுவிட்ச்ல கிராஸ்ஹேர, அதாவது திரை நடுவுல இருக்கற குறிய கொண்டு வந்து நிறுத்தணும். தாண்டித் தாண்டி போகுதுன்னா குறைங்க, திரும்பறதுக்கே மாமாங்கம் ஆகுதுன்னா ஏத்துங்க. பத்து தடவைல ஏழு எட்டு தடவை சரியா நின்னா போதும், அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு அந்த நம்பர தொடாதீங்க. தினம் தினம் மாத்துனா விரலுக்கு பழக்கமே வராது.

இன்னொண்ணு, வலது குச்சிய வெச்சு மட்டும் குறி வைக்காதீங்க. எதிரி குறிக்கு கொஞ்சம் வலது பக்கம் இருக்கானா, இடது குச்சில ஒரு அடி வலது பக்கம் நடங்க, குறி தானா போய் உக்காரும். இத சொல்லிக் குடுத்த அன்னிக்குத்தான் எங்க ஆளுக்கு முகம் மலர்ந்துச்சு.

தலை சுத்துது, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னா பயப்படாதீங்க, மோஷன் பிளர ஆஃப் பண்ணுங்க, கேமரா ஷேக் குறைங்க, ஃபீல்ட் ஆஃப் வியூ (எவ்வளவு அகலமா தெரியணும்ங்கறது) இருந்தா கொஞ்சம் ஏத்துங்க. சப்டைட்டில் ஆன் பண்ணி பெருசா வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: முதல் கேம் டைட்டன்ஃபால் 2

சுடுறது புடிக்கும்னா கண்ண மூடிட்டு இது. 2016 அக்டோபர் கடைசில வந்துச்சு, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரம் கழிச்சு அந்த வருஷத்து கால் ஆஃப் டியூட்டி, தீபாவளிக்கு ரெண்டு பெரிய ஹீரோ படத்துக்கு நடுவுல மாட்டுன சின்ன படம் மாதிரி ஆகிப் போச்சு. இப்ப ஆஃபர்ல கொள்ளை மலிவா கிடைக்கும். கதை ஆறு மணி நேரம்தான், ஒரு சனி ஞாயிறுல முடிஞ்சிரும், புதுசா வர்றவங்களுக்கு ஒரு கேம முடிச்சோம்ங்கற தெம்பு ரொம்ப முக்கியம்.

ஆரம்பத்துலயே ஒரு பயிற்சி ஓட்டப் பாதை வரும், சுவத்துல ஓடணும், சறுக்கணும், நடுவுல நிக்கற ஆள சுடணும், எவ்வளவு நேரத்துல முடிச்சீங்கன்னு கணக்கு காட்டும். அத ஒரு தடவை முடிச்சுட்டு கதைக்கு ஓடிடாதீங்க. பத்து தடவை ஓடுங்க. ரெண்டு குச்சியும் ஒண்ணா வேலை செய்யறது அங்கதான் உங்க விரலுக்கு புரியும். எங்க ஆளு முதல் தடவை ஓடி முடிச்சப்ப நான் டீ போட்டு குடிச்சே முடிச்சுட்டேன், பதினஞ்சாவது தடவை சுவத்துல இருந்து சுவத்துக்கு தாவிட்டே சுட்டான். கதைல கூப்பர்னு ஒரு சாதா சிப்பாயும் பிடின்னு ஒரு ராட்சச ரோபோவும், ரெண்டும் பேசிக்கறது அவ்வளவு அழகு. பாதிக்கு மேல நேரத்துல முன்னும் பின்னும் தாவுற ஒரு லெவல் வரும், அத பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அடுத்து 2016 டூம். இதுல ஒளிஞ்சு நின்னு சுட்டீங்கன்னா செத்தீங்க. உயிர் குறைஞ்சா பின்னாடி ஓடக்கூடாது, முன்னாடி ஓடணும், அடி வாங்கி தடுமாறி நிக்கற பேய கிட்ட போய் கையால முடிச்சா உயிர் கொட்டும், ரம்பத்தால அறுத்தா குண்டு கொட்டும். மொபைல்ல புதர்ல படுத்தே பழகுனவங்களுக்கு நல்ல மருந்து. ரத்தம் ஜாஸ்தி, வீட்ல குட்டிப் பசங்க இருந்தா அவங்க தூங்குன அப்புறம் போடுங்க. எக்ஸ்பாக்ஸ் வெச்சிருக்கவங்க ஹேலோ மாஸ்டர் சீஃப் கலெக்ஷன விடாதீங்க, ஒரே டிவிய ரெண்டா பிரிச்சு தம்பியோட சேந்து கதையே ஆடலாம்.

டிஃபிகல்ட்டி ஈசில வெச்சு ஆடுங்க. யாரும் வந்து பாக்கப் போறதில்ல.

ஸ்டெப் 4: நம்பர் எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க

ஷூட்டர்ல இருந்து ஆர்பிஜிக்கு போற எல்லாரும் ஒரு இடத்துல கடுப்பாவாங்க. "தலைல மூணு குண்டு வெச்சேன், சாகவே மாட்டேங்கறான், கேம்ல ஏதோ கோளாறு." கோளாறு இல்லீங்க. ஷூட்டர்ல ஜெயிக்கறது உங்க விரல். ஆர்பிஜில பாதி விரல், பாதி கணக்கு. உங்க லெவல் அஞ்சு, அவன் லெவல் பதினஞ்சுன்னா தலைல பீரங்கி வெச்சாலும் கொசு கடிச்ச மாதிரிதான். விட்சர் 3லயும் பார்டர்லேண்ட்ஸ்லயும் ரொம்ப பெரிய ஆளா இருந்தா பேருக்கு பக்கத்துல மண்டை ஓடு காட்டும், அத பாத்தா கௌரவமா திரும்பி வந்துடுங்க, சின்ன வேலை நாலு முடிச்சு லெவல் ஏத்திட்டு போங்க. எல்டன் ரிங்ல அந்த மண்டை ஓடு கூட காட்டாது, அதான் எங்க ஆளு மாட்டுனான்.

லெவல் ஏறுனா பாயிண்ட் கிடைக்கும், அத எதுல போடறதுன்னு குழம்புவீங்க. ஆரம்பத்துல ரெண்டே ரெண்டு திறமைல மட்டும் போடுங்க, எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் தூவுனா எதுக்கும் உதவாது.

ஸ்டெப் 5: பாலம், அதாவது பாதி சுடறது பாதி கதை

இங்கதான் நான் ரொம்ப நேரம் நிப்பேன், ஏன்னா ஷூட்டர் ஆளுங்கள ஆர்பிஜிக்குள்ள இழுக்கறதுக்கு மாஸ் எஃபெக்ட் லெஜெண்டரி எடிஷன் மாதிரி ஒரு தூண்டில் கிடையாது. 2007, 2010, 2012னு மூணு கேமா வந்தத 2021ல ஒரே பெட்டியா மெருகேத்தி விட்டாங்க, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்லயே ஓடும். மூணு கேம் காசுக்கு பாத்தா தண்ணி விலை. கேரக்டர் உருவாக்கும்போது சோல்ஜர் எடுங்க, ஸ்னைப்பர் புடிக்கும்னா இன்ஃபில்ட்ரேட்டர். சண்டைல தடுமாறுனா பிளேஸ்டேஷன்ல ஆர்1ல விரல வெச்சு அழுத்திப் புடிங்க, எல்லாமே அப்படியே நிக்கும், நிதானமா கூட இருக்கறவங்களுக்கு உத்தரவு போடலாம்.

முதல் பாகம் கொஞ்சம் வயசானது, ஆரம்பத்துல சிட்டாடல்னு ஒரு இடத்துல ரெண்டு மணி நேரம் பேச்சு பேச்சுன்னு போகும். பேச்ச ஸ்கிப் பண்ணாதீங்க. எங்க ஆளு பண்ணான். பாயிண்ட் எல்லாத்தையும் துப்பாக்கிலயே கொட்டிட்டு, ஆளுங்கள பேச்சால வளைக்கறதுக்குன்னு இருக்கற சார்ம் பக்கம் ஒரு பாயிண்ட் கூட போடல. கதைல ஒரு கிரகத்துல, கூடவே ஆரம்பத்துல இருந்து வந்த ஒருத்தன் கோவத்துல துப்பாக்கிய தூக்கிட்டு நிப்பான். அவன சமாதானப்படுத்தற பதில் திரைல இருக்கு, ஆனா சாம்பல் கலர்ல பூட்டிக் கிடக்கு, அமுக்க முடியல. அந்த ஆளு போயிட்டான். அடுத்த ரெண்டு பாகத்துலயும் அவன் இல்ல, ஏன்னா சேவ் ஒரு பாகத்துல இருந்து அடுத்ததுக்கு அப்படியே போகும். ராத்திரி ஒண்ணரை மணிக்கு போன், "அண்ணா, அவன காப்பாத்தவே முடியாதா?" ஒரு கேம் கேரக்டருக்காக அவன் அப்படி கேட்டப்பவே எனக்கு தெரிஞ்சு போச்சு, இனிமே இவன் பெட்டிய விக்க மாட்டான்னு.

அதனால சார்ம்லயோ மிரட்டறதுலயோ, ரெண்டுல ஒண்ணுல பாயிண்ட் போட்டுட்டே வாங்க. மாக்கோன்னு ஒரு வண்டில மலை மலையா ஏறி சின்ன கிரகம் எல்லாம் சுத்தறது போரடிச்சா விட்டுடலாம். ஆனா ரெண்டாம் பாகத்துல கூட இருக்கறவங்க ஒவ்வொருத்தரோட சொந்த வேலையையும் முடிச்சு குடுங்க, கப்பலையும் அப்கிரேட் பண்ணுங்க. அவசரப்பட்டு கடைசி மிஷனுக்கு போனா ஆளுங்க விழுவாங்க, நான் முதல் தடவை ரெண்டு பேர பறிகுடுத்தேன்.

வீட்ல ரெண்டு ஜாய்ஸ்டிக் இருக்கா? அப்ப பார்டர்லேண்ட்ஸ் 2. பிஎஸ்4ல ஹேண்ட்சம் கலெக்ஷன்னு கிடைக்கும், ஒரே டிவில ரெண்டு பேர், கணக்கே இல்லாம துப்பாக்கி கொட்டும், எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. தனியா ஆடுனா எனக்கு சீக்கிரம் சலிச்சுருச்சு, கூட ஆள் வேணும்.

ஃபால்அவுட் 4, 2015ல வந்தது, இது அணுகுண்டு விழுந்து போன அமெரிக்கா, பாஸ்டன் பக்கம். குறி வைக்க வராதவங்களுக்கு இதுல வாட்ஸ்னு ஒண்ணு இருக்கு, பிளேஸ்டேஷன்ல எல்1 அமுக்குனா நேரம் மெதுவாகி எதிரியோட தலை, கை, கால்ல அடி விழ எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு காட்டும், நீங்க தேர்ந்தெடுத்தா போதும். கண்ணுல பட்ட டப்பா, விளக்கு, கோப்பை எல்லாத்தையும் பொறுக்குவீங்க, அதுவும் உதவும்தான், ஆனா மூட்டை கனம் ஏறி நடக்கவே முடியாம நிப்பீங்க, பட்டறை இருக்கற இடத்துல இறக்கி வெச்சுடுங்க. பிரஸ்டன்னு ஒரு நல்ல மனுஷன் வேலைக்கு மேல வேலை குடுத்துட்டே இருப்பாரு, அவருக்கு முடிவே கிடையாது. இதே வரிசைல முன்னாடி வந்த ஃபால்அவுட் நியூ வேகாஸ் இத விட எழுத்துல ஒசத்திம்பாங்க, நானும் அந்தக் கட்சிதான், ஆனா அதுக்கு பிஎஸ்4 பிஎஸ்5ல வெர்ஷனே வரல, எக்ஸ்பாக்ஸ்காரங்களுக்கு மட்டும் யோகம்.

சைபர்பங்க் 2077 பத்தி நிறைய பேர் கேப்பீங்க. பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ், எஸ் இருந்தா தாராளமா வாங்குங்க, 2023ல வந்த 2.0 அப்டேட்டுக்கு அப்புறம் ஆளே மாறிப் போச்சு. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு அந்த அப்டேட் வரவே இல்ல. 2020 டிசம்பர்ல வந்த சூட்டுக்கு பிளேஸ்டேஷன் ஸ்டோர்ல இருந்தே ஆறு மாசம் தூக்கி வெச்சாங்க, அந்த லட்சணம். பழைய டிஸ்க் மலிவா கிடைக்குதேன்னு பிஎஸ்4க்கு வாங்கிடாதீங்க.

ஸ்டெப் 6: இப்ப கத்திய எடுங்க

விட்சர் 3. கம்ப்ளீட் எடிஷன் வாங்குங்க, ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், பிளட் அண்ட் வைன்னு ரெண்டு பெரிய டிஎல்சியும் அதுல அடக்கம், பிளட் அண்ட் வைன் தனியா ஒரு கேம் அளவுக்கு பெருசு. உள்ள போனதும் செட்டிங்ல மூவ்மென்ட் ரெஸ்பான்ஸ ஆல்டர்னேட்டிவ்னு மாத்துங்க, இல்லேன்னா நீங்க ஆடற ஹீரோ கெரால்ட் லாரி திரும்பற மாதிரி திரும்புவாரு. சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி க்வென்னு ஒரு மந்திரம், மேல ஒரு கவசம் மாதிரி நிக்கும், முதல் இருபது மணி நேரத்துக்கு அதுதான் உங்க குலதெய்வம். வெள்ளைத் தோட்டம்னு ஆரம்ப ஊர்ல எல்லா வேலையும் முடிச்சுட்டு கிளம்புங்க. அடுத்து வேலன்ங்கற பகுதில குடிகார பாரன் (ஜமீன்தார் மாதிரி) ஒருத்தன் கதை வரும், அது வரைக்கும் புடிக்கலன்னாலும் நிறுத்திடாதீங்க, அதுக்கப்புறமும் புடிக்கலன்னா இந்த கேம் உங்களுக்கு இல்ல.

ஆக்ஷனே வேணாம், யோசிச்சு மாறி மாறி அடிக்கறதுதான் வேணும்னா பர்சோனா 5 ராயல், நூறு மணி நேரத்துக்கு மேல இழுக்கும், ஸ்கூல் பையன் வாழ்க்கையும் திருட்டும் கலந்தது. அவ்வளவு நேரம் இல்லேன்னா 2025ல வந்த எக்ஸ்பெடிஷன் 33, பிரெஞ்சுக்காரங்க பண்ணது, பிஎஸ்5, சீரிஸ் பெட்டிக்கு மட்டும். அதுல எதிரி அடிக்கும்போது சரியான நேரத்துல பட்டன் அமுக்கி தடுக்கலாம், அதனால ஷூட்டர் ஆளுங்களுக்கும் கை சும்மா இருக்காது.

நீங்க எதிர்ப்பக்கம் இருந்து வர்றவங்களா, கதை கேம் மட்டுமே ஆடி துப்பாக்கின்னா பயமா? அப்ப இதே வழிய தலைகீழா வாங்க. விட்சர்ல இருந்து ஃபால்அவுட் 4க்கு வந்து வாட்ஸ வெச்சு பாதி ஆடுங்க, கொஞ்சம் கொஞ்சமா அத விட்டுட்டு கையால சுட்டுப் பாருங்க, அப்புறம் மாஸ் எஃபெக்ட், கடைசியா டைட்டன்ஃபால்.

ஸ்டெப் 7: எல்டன் ரிங்குக்கு திரும்பறது

இவ்வளவும் முடிஞ்சு எட்டு மாசம் கழிச்சு எங்க ஆளு மறுபடி அந்த டிஸ்க்க போட்டான். இந்த தடவை குதிரைக்காரன பாத்ததும் இடது பக்கமா பம்மிப் போய் சர்ச்சுக்கு போனான், குதிரை கிடைக்கற வரைக்கும் யார்கிட்டயும் வம்பு வெச்சுக்கல, லெவல் ஏத்தும்போதெல்லாம் முதல்ல விகர்ல போட்டான், அதான் உயிர் அளவு, புதுசா ஆடறவங்க எல்லாம் கத்தில போட்டு ஏமாறுவாங்க. பத்து நாள் கழிச்சு குதிரை மேல ஏறிப் போய் அந்த தங்கக் கவசக்காரன கணக்கு தீத்தான். வீடியோ எடுத்து அனுப்புனான், கடைசி அடி விழற நேரத்துல சரியா கரண்ட் கட்டாகி திரை கருப்பாயிருச்சு, சித்தி உள்ள இருந்து "டேய் மோட்டார் ஓடுதா பாரு"ங்கறது மட்டும் கேக்குது. கரண்ட் வந்து பாத்தா குதிரைக்காரன் மறுபடி அங்கயே உலாத்திட்டு இருக்கான். அடுத்த வாரமே ஒரு யூபிஎஸ் வாங்கிட்டான், நீங்க முதல்லயே வாங்கிடுங்க.